சுவாமியார் போன வழியில் போங்கள்: பழைய ஞானஸ்நானப் பதிவைத் தேடுவது எப்படி?

[திரையில்: பழுப்பேறிய பதிவேட்டின் ஒரு பக்கம், சாய்ந்த கையெழுத்து]

ஒரு குடும்பம் தன் மூதாதை ஒருவரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடுகிறது. அவர் 1840 வாக்கில் வட அமெரிக்காவின் பேரேரிகள் பக்கம் பிறந்தவர். ஊர்ப் பெயர் தெரியும். அந்த ஊர்க் கோவிலுக்கு எழுதிக் கேட்டால், 'எங்களிடம் அப்படி எதுவும் இல்லை' என்று பதில் வருகிறது. பலரும் இந்த இடத்தில்தான் தேடலை விட்டுவிடுகிறார்கள்.

தயவுசெய்து விடாதீர்கள். அந்தக் குழந்தை பிறந்தபோது அந்த ஊரில் கோவிலே கட்டியிருக்க மாட்டார்கள். எப்போதாவது வந்து போன ஒரு கத்தோலிக்க மிஷனரி சுவாமியார் மட்டும்தான் உண்டு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், எழுதிக்கொண்டார், அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். எழுதியதும் அவரோடு போய்விட்டது. அதனால் குடும்பம் இருந்த ஊரை விட, சுவாமியார் போன வழிதான் நமக்கு முக்கியம்.

[திரையில்: பேரேரிகளின் வரைபடம்]

சாமுவேல் மட்சுக்கெல்லியை எடுத்துக்கொள்வோம். 1806 இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர், தொமினிக்கன் என்ற துறவற சபையின் குரு. 1830 இல் மேக்கினா தீவுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து கிரீன் பே, பிரெய்ரி டு ஷீன், பிறகு மிசிசிப்பி ஆற்றங்கரையில் டுபியூக், கலீனா. இன்றைய கணக்கில் மிச்சிகன், விஸ்கான்சின், அயோவா, இலினாய் என்று நான்கு மாநிலங்கள். 1864 இல் விஸ்கான்சினின் பென்டன் என்ற சிற்றூரில் இறந்தார்.

அந்தப் பக்கத்து ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த அயர்லாந்துக்காரர்களுக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை. 'ஃபாதர் கெல்லி' என்றே கூப்பிட்டார்கள். இதைத் தேடுகிறவர்கள் மறக்கக் கூடாது. இத்தாலியப் பெயர் அயர்லாந்துக் காதில் கெல்லி ஆகிறதென்றால், அயர்லாந்துப் பெயர் ஓர் இத்தாலியரின் பேனாவில் என்ன ஆகியிருக்கும்? உங்கள் குடும்பப் பெயரை நீங்கள் எழுதுகிறபடியே தேடினால் கிடைக்காது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேற்று மொழிக்காரர் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசித்து, அந்த எழுத்துகளிலும் தேடுங்கள்.

ஸ்லோவேனியாவிலிருந்து வந்த பிரெடரிக் பராகாவும் இப்படி ஊர் ஊராக அலைந்த சுவாமியார்தான். 1835 இல் சுப்பீரியர் ஏரியில் லா புவான்ட், 1843 இல் லான்ஸ், 1853 இல் ஆயர் (பிஷப்) பட்டம். பனிக்காலத்தில் பனிக்காலணி கட்டிக்கொண்டு நடந்தே மக்களைப் பார்க்கப் போனவர். அங்குள்ள பூர்வகுடிகளின் ஒஜிப்வே மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதியவர்.

சரி, இவ்வளவு அலைச்சலிலும் ஏன் எழுதி வைத்தார்கள்? அது அவர்கள் கடமை. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்களின் பெரிய கூட்டமான திரெந்து பொதுச்சங்கம் 1563 இல் கட்டளையிட்டது. மிச்சிகன் மாநில அரசு பிறப்புகளைப் பதியத் தொடங்கியதோ 1867 இல்தான். அதற்கு முன் பிறந்த எத்தனையோ பேருக்கு அந்தச் சுவாமியாரின் ஒரு வரியை விட்டால் வேறு சாட்சியே இல்லை. அதை நினைத்தால் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது.

[திரையில்: மேக்கினா பதிவேடு, 1695 முதல்]

சுவாமியார் வராத வருடங்களும் உண்டு. மேக்கினா பதிவேட்டைப் புரட்டினால், குரு இல்லாத நேரத்தில் சாதாரண விசுவாசி ஒருவரே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்ததும், பிறகு வந்த குரு மீதிச் சடங்கை முடித்து எழுதியதும் தெரியும். அப்போது பிள்ளைக்கு நான்கு, ஐந்து வயதுகூட ஆகியிருக்கலாம். எனவே பிறந்த வருடத்தோடு தேடலை நிறுத்தாதீர்கள். பத்து வருடம் தள்ளியும் பாருங்கள்.

ஓரிகன் பக்கம் இன்னொரு வழி இருக்கிறது. 1838 நவம்பரில் பிளான்ஷே, தெமெர் என்ற இரண்டு குருக்கள் வான்கூவர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே மென்மயிர்த் தோல் வணிகத்துக்கு வந்த கனடிய பிரெஞ்சுக்காரர்கள், பூர்வகுடிப் பெண்களோடு பல வருடமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். குருக்கள் அவர்களுக்குத் திருமணம் செய்து வைத்தபோது, ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளின் பெயர்களையும் அந்தத் திருமணப் பதிவிலேயே எழுதினார்கள். ஞானஸ்நானப் பதிவு கிடைக்காத பிள்ளை, பெற்றோரின் திருமண வரியில் இருக்கலாம்.

இனி, பக்கம் கையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொழி பிரெஞ்சாக இருக்கலாம், இலத்தீனாக இருக்கலாம். இலத்தீனில் ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்' ஆவார், வில்லியம் 'குலியெல்முஸ்' ஆவார். பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பலருக்கு அது வேறு எங்குமே கிடைக்காத தகவல்.

பதிவேடு இப்போது எங்கே இருக்கும்? இங்கேதான் மறைமாவட்ட வரலாறு, அதாவது எந்தப் பகுதி எந்த ஆயரின் பொறுப்பில் இருந்தது என்ற வரலாறு, உதவும். விஸ்கான்சின் பகுதி 1821 இல் சின்சினாட்டி ஆயரின் கீழ் இருந்தது. 1833 இல் டெட்ராய்ட்டுக்குப் போனது, 1843 இல் மில்வாக்கிக்கு வந்தது. பிள்ளை பிறந்த வருடத்தில் அந்த இடம் எந்த ஆயரின் கீழ் இருந்தது என்று முதலில் பாருங்கள். அந்த மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எழுதும்போது ஊர்ப் பெயரோடு சுவாமியாரின் பெயரையும் குறிப்பிடுங்கள். அவர் ஒரு துறவற சபையின் குரு என்றால், அந்தச் சபையின் காப்பகத்தையும் கேளுங்கள்.

[திரையில்: ஒரே பக்கத்தில் வரிசையாக ஆறு பதிவுகள்]

அப்புறம், உங்கள் ஆளின் வரியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று நெருங்கியவர்கள்தான் அப்படி நின்றிருப்பார்கள். அந்த வரிக்கு மேலேயும் கீழேயும் உள்ள பதிவுகளின் தேதியையும் இடத்தையும் பாருங்கள். அந்த வாரம் சுவாமியார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஊருக்குப் போனார் என்பது தெரிந்துவிடும். அதே குடும்பத்தின் அடுத்த பிள்ளையின் பதிவைத் தேட வேண்டியது அந்த ஊர்களில்தான்.