தையல் மெஷினுக்கு யார் கப்பல் விடுவது?

நேயர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து இலங்கைக்கு ஊர் திரும்புகிறவர்களுக்கு நம் அரசாங்கம் எதற்கெல்லாம் காசு ஒதுக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். வீட்டுத்திட்டம் என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நான் சாமானிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1983 கலவரத்துக்குப் பிறகு வள்ளம் ஏறி, தமிழ்நாட்டு மண்டபம் கரையில் இறங்கியவர்கள் உடுத்த உடுப்போடு போனவர்கள். பெயின்ட் அடித்தும் கூலிவேலை செய்தும் கட்டில், அலுமாரி, கிரைண்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். திரும்பியவர்களுக்கு ஐ.நா. அகதிகள் நிறுவனமான யூ.என்.எச்.சி.ஆர். விமானச் சீட்டும் சிறு தொகையும் கொடுத்து வந்தது. சரி, விமானத்தில் கிரைண்டர் ஏறுமா?

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அப்படித் திரும்பிய ஒரு அம்மாவைக் கூட்டிவரப் போயிருந்தேன். பழைய சேலையில் சுற்றிய ஒரு பொதியை மடியிலிருந்து இறக்கவே மாட்டேன் என்றார். பார்த்தால், தையல் மெஷினின் தலை! மிதிக்கிற இரும்புக் காலையும் பலகையையும் முகாமிலேயே வந்த விலைக்கு விற்றுவிட்டார். "தலை வந்திட்டுது தம்பி, காலை வவுனியாவில தேடுவம்" என்று சிரித்தார். அந்த மெஷின்தான் அவருடைய தொழில். இங்கே வந்த பிறகு 'வாழ்வாதார உதவி' என்று புது மெஷின் கொடுக்கத் திட்டம் போடுவோம். அவரிடம் இருந்ததைக் கொண்டுவர ஒரு சதம் ஒதுக்க மாட்டோம்.

2023 ஒக்டோபரில் நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியதே என்பீர்கள். அது டிக்கெட் எடுத்துப் போய்வருகிற பயணிகளுக்கு. குடும்பத்தோடு குடிபெயர்கிறவர்களுக்குச் சாமான் கப்பல் வேண்டும், சுங்கத்தில் தீர்வை விலக்கு வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், சாமான் கப்பல்!

அடுத்தது கடதாசி. முகாமில் பிறந்த பிள்ளைக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிரஜாவுரிமை பதிய வேண்டும். பிறகுதான் இங்கே அடையாள அட்டை. அது இல்லாமல் வங்கிக் கணக்குத் திறப்பதும் கஷ்டம், அரசாங்க வேலை எடுப்பதும் கஷ்டம். நடமாடும் சேவை முகாமுக்கே போனால் செலவு அதிகாரிகளின் பயணப்படிதான். சில விஷயங்களுக்கு அந்தக் காசும் தேவையில்லை. 2025 மே மாதம், யூ.என்.எச்.சி.ஆர். ஏற்பாட்டில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவரை, போர்க்காலத்தில் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று பிடித்தார்கள். குண்டுக்குப் பயந்து ஓடியவர் குடிவரவு முத்திரை குத்திக்கொண்டா வள்ளம் ஏறுவார்? அந்தச் சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றம் போதும்.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். காணி பற்றித்தான் நிறைய எழுதி வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் படையினரிடம் இன்னும் காணிகள் இருக்கின்றன. வருகிறவரின் காணி அதற்குள் இருக்கிறதா என்று விமானச் சீட்டுப் போட முன்னரே பிரதேச செயலகம் எழுத்தில் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.