மெலிந்தவர் மட்டும்தான் வீடியோ போடுகிறார்

அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் பாதிப் பேராவது ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருப்பீர்கள். சோறு, இட்லியை விட்டு இறைச்சி, முட்டை, கொட்டை என்று தின்னும் பேலியோவா, பதினாறு மணி நேர விரதமா, சிறுதானியமா, எதைப் பிடித்தால் இந்தத் தொப்பை குறையும்? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரமாகக் கிளம்புகிறவர்கள் கிளம்பலாம். எதைப் பிடித்தாலும் சிலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது, சிலருக்கு ஏறவும் செய்யும். இணையத்தில் நம் கண்ணில் படுகிறவர்கள் முதல் வகையினர் மட்டுமே. இதைத்தான் கொஞ்சம் விரித்துப் பேசப் போகிறேன்.

இந்தச் சங்கதி யூடியூப் வந்த பிறகு தொடங்கியதல்ல. 1860களில் லண்டனில் வில்லியம் பேன்டிங் என்று ஒருவர் இருந்தார். இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்து தருவது அவர் குடும்பத் தொழில். அரச குடும்பத்துக்கே செய்து கொடுத்தவர்கள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 90 கிலோவுக்கு மேல். குனிந்து ஷூ நாடாவைக் கட்ட முடியாது. மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்குவார். படகு வலித்துப் பார்த்தார், பசிதான் கூடியது. நீராவிக் குளியல் போட்டார்; பயனில்லை. கடைசியில் காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனபோது, அவர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஓராண்டில் சுமார் 20 கிலோ இறங்கியது. சந்தோஷம் தாங்காமல் 1863இல் தன் சொந்தச் செலவில் ஒரு சிறு பிரசுரம் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தார். அது பெரும் பரபரப்பாகிப் பல பதிப்புகள் கண்டது. (அவருடைய உணவுப் பட்டியலில் தினமும் சில கிளாஸ் ஒயினுக்கு அனுமதி உண்டு. இதை மட்டும் வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள்.)

கவனியுங்கள், இன்றைய வீடியோவின் எல்லா அம்சமும் அதில் இருக்கிறது. அவதிப்பட்ட மனிதர், தோற்றுப்போன முயற்சிகள், ரகசியம் தெரிந்த ஒரு டாக்டர், முன்னால் இவ்வளவு பின்னால் இவ்வளவு என்ற எண்கள். பேன்டிங் பொய் சொல்லவில்லை. நல்ல மனிதர், பணம் பண்ணவும் நினைக்கவில்லை. 81 வயதுவரை வாழ்ந்தார். ஆனாலும் அவர் ஒரே ஒரு ஆள். அவருக்குப் பலித்தது எனக்குப் பலிக்குமா என்பதற்கு அந்தப் பிரசுரத்தில் பதில் இல்லை.

பதில் வேண்டுமானால் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து, தோற்றவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் அதைச் செய்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. பருமனான 609 பேர். ஒரு அணிக்குக் கொழுப்பு குறைந்த உணவு, இன்னொரு அணிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு. இரண்டு அணிக்கும் காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள், வீட்டில் சமையுங்கள் என்று சொல்லி வகுப்பும் நடத்தினார்கள். ஓராண்டு ஓடியது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கியிருந்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. இடையில் 700 கிராம் வித்தியாசம். புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. உங்கள் மரபணுவைப் பார்த்து உங்களுக்கேற்ற டயட் சொல்கிறோம் என்று இன்று விற்கிறார்களே, அதையும் அங்கே சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மரபணு வகையும், இன்சுலின் சுரப்பும், யாருக்கு எந்த உணவு ஒத்துவரும் என்று சொல்லவில்லை.

எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது சராசரி அல்ல. இரண்டு அணியிலுமே ஒரு கோடியில் 30 கிலோ அளவுக்கு இறங்கியவர் இருக்கிறார், மறுகோடியில் 10 கிலோ அளவுக்கு ஏறியவர் இருக்கிறார். அதே வகுப்பு, அதே அறிவுரை, அதே ஓராண்டு. இதில் 30 கிலோ இறங்கியவர் சேனல் ஆரம்பிப்பார், நியாயம்தான். 10 கிலோ ஏறியவர் ஆரம்பிப்பாரா? கேமரா முன்னால் வந்து, நான் இதை ஒழுங்காகத்தான் செய்தேன், பேண்ட் இரண்டு சைஸ் கூடிவிட்டது என்று சொல்வாரா? அப்படிச் சொன்னாலும் நாம் பார்ப்போமா? கீழே கமெண்டில், நீங்கள் சரியாகச் செய்திருக்க மாட்டீர்கள் என்றுதான் எழுதுவோம். ஆகவே எந்த டயட்டை எடுத்தாலும் அதற்கு ஆயிரம் சாட்சிகள் கிடைப்பார்கள்.

சரி, சாட்சி சொல்கிறவர் கூட்டிச் சொல்கிறாரா என்று பார்க்க ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. "7 நாளில் 5 கிலோ" என்று தலைப்புப் போடுகிறார்கள். அது முழுக்கக் கொழுப்பாக இருந்தால் 38,500 கலோரி. நடுத்தர உடம்புள்ள ஒருவர் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 2,200 என்று வைத்துக்கொண்டாலும் ஏழு நாளைக்கு 15,400தான் ஆகிறது. அதாவது வாரம் முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் இரண்டு கிலோ கொழுப்புதான் கரையும். அப்படியானால் தராசு முள் இறங்கியது பொய்யா? இல்லை, முள் இறங்கியது நிஜம். நம் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சுமார் அரைக் கிலோ மாவுச்சத்து இருப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லி, சப்பாத்தியை நிறுத்தினால் முதல் சில நாளில் அந்த இருப்பு கரையும், கூடவே தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வருவது இதனால்தான். பொங்கலுக்கு இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டதும் அத்தனையும் திரும்பி வருவதும் இதே காரணத்தால்தான். வந்ததும் தண்ணீர், போனதும் தண்ணீர். தொப்பை அங்கேயே இருக்கிறது.

அப்புறம் கொழுப்பு எங்கேதான் போகிறது? வியர்வையில் போகிறது, மலத்தில் போகிறது, வெந்நீரில் உருகுகிறது என்று பல கருத்துகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மேன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எரிந்த கொழுப்பில் 84 சதவீதம் கரியமில வாயுவாக மூக்கு வழியே வெளியேறுகிறது, மிச்சம் தண்ணீராகிறது. பத்து கிலோ கொழுப்பை எரிக்க 29 கிலோ ஆக்சிஜன் உள்ளே போக வேண்டும். வேகமாக மூச்சு விட்டால் போதுமா என்று கேட்காதீர்கள், தலைதான் சுற்றும். வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிக்கிறவர்கள் தாராளமாகக் குடியுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 60 கலோரி இருக்கிறது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் ஊரிலும் டயட் அறிவுரை உண்டு. கொள்ளு நல்ல பயறு. புரதமும் நார்ச்சத்தும் உள்ளது, வயிறு நிறையும். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதிலாகக் கொள்ளுச் சுண்டல் சாப்பிட்டால் பலன் உண்டு. பஜ்ஜியும் தின்றுவிட்டு மேலே கொள்ளு ரசமும் குடித்தால், ரசம் பஜ்ஜியைத் தேடிப் போய்க் கரைக்காது. பேலியோக்காரர்கள் சொல்லும் காலை நூறு பாதாமும் இப்படித்தான். நூறு பாதாம் ஏறக்குறைய 700 கலோரி. அதைத் தின்றுவிட்டு மதியம்வரை வேறெதையும் தொடாமல் இருக்கிறவருக்கு மொத்தக் கணக்கு இறங்கும். நாலு இட்லி, தேங்காய்ச் சட்னியோடு "கூடவே பாதாமும் நல்லதாமே" என்று சேர்த்துக்கொள்கிறவருக்கு ஏறும்.

"நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை, ஆனாலும் குறையவில்லை" என்று சொல்பவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். 1992இல் நியூயார்க்கில் அப்படிச் சொன்ன சிலரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தினம் ஆயிரம் கலோரிக்கு அருகில்தான் சாப்பிடுகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். உடலில் எரியும் சக்தியை நேரடியாக அளந்து பார்த்ததில், உண்மையில் சாப்பிட்டது இரண்டாயிரத்தைத் தொட்டது. உடம்பு சக்தியை எரிக்கும் வேகத்தில் குறை எதுவும் இல்லை. அவர்கள் பொய் பேசினார்கள் என்று நான் நினைக்கவில்லை. தாளிக்கக் கரண்டியில் ஊற்றும் எண்ணெயை யார் எண்ணுகிறார்கள்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பிள்ளை தட்டில் வைத்துவிட்டுப் போன மிச்சம், ஆபீஸில் நாலு வேளை சர்க்கரை போட்ட டீ, கோயில் பொங்கல், இவையெல்லாம் நம் மனக்கணக்கில் சாப்பாடே இல்லை.

இதைச் சொன்னதும், அப்படியானால் எனக்கு மனஉறுதி இல்லை என்கிறீர்களா என்று சிலருக்குக் கோபம் வரும். இல்லை. உடம்பே எதிர்த்து நிற்கும். இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில், 1945இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். எடையில் கால் பங்கு போனது. உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. நாடித்துடிப்பு இறங்கியது, குளிர் தாங்கவில்லை. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து இரவெல்லாம் படித்தார்கள். போருக்குப் போக மாட்டோம் என்று கொள்கையோடு நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கா மனஉறுதி இல்லை? தினம் 800 கலோரி என்று ஒரு ரீல்ஸைப் பார்த்து ஆரம்பித்து, மூன்றாம் வாரம் ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டாக் கடையில் நிற்கிறீர்கள் என்றால், அது குணக்கேடு இல்லை.

இன்னொன்று. வெளிநாட்டு வீடியோக்கள் பேசும் எடைக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின் இருவரும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ எண் இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியர்கள் பலர் இப்படித்தான். அதனால் தராசைவிட இஞ்சு டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.; அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள், பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர்கள்தான் நாம்.

யார் சொன்னால் கேட்கலாம்? ஆரோக்கியம் பற்றி அறிவுரை சொல்லும் இணையப் பிரபலங்கள் தங்கள் தகுதியையும், பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார்களா என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைத் தேடிப் பாருங்கள். நான் பார்க்கும் அடையாளம் இதைவிடச் சுலபமானது: வீடியோவின் முடிவில் பவுடரோ மாத்திரையோ விற்கிறாரா? விற்றால் மூடிவிடுங்கள். மூலிகை என்று பெயர் போட்ட எடைக் குறைப்பு மாத்திரைகளுக்குள் சிபுட்ரமின் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் விலக்கிய மருந்து அது. 2011இல் இந்தியாவும் தடை செய்தது. 1930களில் எடை குறைக்க விற்ற டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனம் உடம்புச் சூட்டை ஏற்றியே ஆளைக் கொன்றது. 1938இல் அமெரிக்கா நிறுத்திய அந்தச் சாமான் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது, இன்றும் அதனால் சாகிறார்கள்.

கடைசியாக, சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். இன்சுலின் போட்டுக்கொண்டோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமெபிரைடு வகை மாத்திரை போட்டுக்கொண்டோ திடீரென்று விரதம் தொடங்கினால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயக்கம் வரும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டேபகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் சோற்றை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிற ஆபத்து உண்டு. குளுக்கோமீட்டரில் தெரியாது, வாந்தியும் மூச்சு வாங்குதலும்தான் முதலில் தெரியும். டயட் மாற்றப் போகிறேன் என்று நாளைக்கே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று அவர் சொன்ன பிறகு தொடங்குங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். நூறு பாதாமைப் பற்றி மட்டும் வேண்டாம்.