பந்து இப்போது யார் பக்கம்?

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் இல்லை, தேக்கா ஈரச்சந்தைச் சுற்றலும் இல்லை, போன வாரம் சொன்ன மீன் வீடியோ அடுத்த வாரம் கண்டிப்பாக வரும். இன்றைக்கு ஒரு புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம். 24 வெள்ளி 90 காசு கொடுத்து வாங்கிய புத்தகம். எங்கள் புளோக் காப்பிக்கடையில் அந்தக் காசுக்கு இருபது கோப்பி-ஓ குடிக்கலாம், கணக்குப் போட்டே பார்த்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எதிர் வீட்டு ஜியேஜியேவை, அதாவது சீன அக்காவை, உங்களுக்கு நினைவிருக்கும், தீபாவளி வீடியோவில் என்னோடு உட்கார்ந்து முறுக்கு பிழிந்தவர். சீனாவின் செங்டுவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வந்து கதவைத் தட்டினார், முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது. மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினார். நான்கே வரி, கடைசி வரி 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்'. ஒவ்வொரு சொல்லாக அகராதியில் தேடியிருக்கிறார், கோர்ட் என்ற இடத்தில் 'ஃபாயுவென்' என்று வந்திருக்கிறது, அதாவது நீதிமன்றம். கம்பெனி தன் மேல் வழக்குப் போடப்போகிறதோ என்று பயந்துபோய் ராத்திரி சாப்பிடக்கூட இல்லை. சிரிக்காதீர்கள், நமக்கும் கோர்ட் என்றால் முதலில் கறுப்புக் கோட்டுதானே ஞாபகம் வரும்?

மறுநாளே போய் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். சீன மொழி பேசுகிறவர்களுக்காகவே எழுதிய ஆங்கில மரபுத்தொடர் புத்தகம் என்று அட்டையில் போட்டிருந்தது. ஏ-யிலிருந்து இசட் வரை அகரவரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி அர்த்தம், முடிந்தது. பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், பட்டியல் போட்டு மொழி சொல்லிக்கொடுப்பது எனக்கு ஆகவே ஆகாது. சரி, இருக்கட்டும் என்று ஜியேஜியேவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகச் சீன அர்த்தத்தை எனக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். 'நாக்ட் ஃபார் சிக்ஸ்' வந்தது. பெரிய வெற்றி அடைவது என்று போட்டிருக்கிறார்களாம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் சிக்ஸர் அடித்துவிட்டான் என்றால் கொண்டாட்டம்தான், ஏனென்றால் நாம் பேட் பிடித்தவன் பக்கம் நின்று பேசுகிறோம். ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் நாக்ட் ஃபார் சிக்ஸ்' என்று ஒருவர் சொன்னால் அவர் பேட் பிடித்தவர் இல்லை, அவர்தான் அந்தப் பந்து. அடி வாங்கி எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்த பந்து, அதாவது நிலைகுலைந்து போனவர். 'அம்மா இறந்த செய்தி கேட்டு ஐ வாஸ் நாக்ட் ஃபார் சிக்ஸ்' என்று யாராவது எழுதி, இந்தப் புத்தகத்தை நம்பி ஜியேஜியே வாழ்த்துச் சொல்லி பதில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசிக்கவே எனக்குப் பதறுகிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடையில் விலை ஒட்டியதைக் கிழித்துவிட்டீர்கள், வாங்க மாட்டோம் என்றார்கள். ரசீது இருக்கிறது என்றேன். ஒட்டுதான் முக்கியம் என்றார்கள். ஒட்டைக் கிழிக்காமல் யாருக்காவது புத்தகம் பரிசு கொடுப்போமா, நீங்களே சொல்லுங்கள். பத்து நிமிடம் நின்று பேசினேன், பலன் இல்லை, வெளியே வந்துவிட்டேன்.

வந்த வழியில் பக்கத்துக் கடையில் டேபிள் டென்னிஸ் பந்து, ஆறு பந்து 3 வெள்ளி 50 காசு. அதுதான் இந்த வாரத்தின் உருப்படியான செலவு. புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்தக் கல் மேசை இருக்கிறதே, பிள்ளைகள் மேலே ஏறி உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார்களே, அங்கே ஜியேஜியேவை அழைத்துப் போனேன். டேபிள் டென்னிஸ் ஆட்ட விதிகளில் வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மேசையின் ஒவ்வொரு பாதிக்கும் கோர்ட் என்றுதான் பெயர். பந்தைத் தட்டி அவர் பக்கம் அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். 'இப்போது யார் அடிக்க வேண்டும்?' 'நான்.' 'அவ்வளவுதான், உங்கள் மேலாளர் சொன்னதும் அதுதான், அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார், இனி முடிவு உங்களுடையது.' ஒரு நொடி பந்தையே பார்த்தார், அப்புறம் பாருங்கள், அந்த முகம்! வழக்கு இல்லையா, வழக்கு இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார். அந்த இடத்தை எனக்குப் படம் பிடிக்கத் தோன்றவில்லை, அதுதான் வருத்தம்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். வியாழக்கிழமை அவரே மேலாளருக்குப் பதில் எழுதினார், எழுதி அனுப்பிவிட்டுத்தான் எனக்குக் காட்டினார். மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கடைசி வரியில் 'நௌ தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்'. நான் ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை. கொஞ்சம் கறாரான வரிதான், ஆனால் இடம் பொருத்தம், கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, இனி அவர்தான் சொல்ல வேண்டும். அதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷம், என் மகன் முதன்முதலில் தமிழில் தன் பெயரை எழுதிக் காட்டினானே, அதற்கு அடுத்தபடி.

அந்த மேசையில்தான் எனக்குப் பெரிய விஷயம் ஒன்று பிடிபட்டது. சீன மொழியிலேயே விளையாட்டுப் பேச்சு கொட்டிக் கிடக்கிறது. பந்து மேசையின் விளிம்பில் உரசிக்கொண்டு போனால் 'ட்ஸாபியென்ச்சியூ' என்கிறார்கள். மேல் விளிம்பில் பட்டால் அது செல்லும். அதையே பேச்சில், சட்டத்தை மீறாமல் ஆனால் சட்டத்தின் ஓரத்தில் உரசிக்கொண்டு காரியம் சாதிப்பவனைச் சொல்ல வைத்துக்கொண்டார்கள். ஒரு அலுவலகத்தில் அந்த ஜன்னலுக்குப் போ, இந்த ஜன்னலுக்குப் போ என்று விரட்டினால் அது 'தீ பீச்சியூ', பந்தை உதைத்து விளையாடுவது. நாமும்தானே பந்தாடுகிறார்கள் என்கிறோம்! காய் நகர்த்துகிறான், கோதாவில் குதித்தான், அழுகுணி ஆட்டம் ஆடாதே, இதெல்லாம் நமக்கு எங்கிருந்து வந்தது? ஆக இது தெரியாத வித்தை இல்லை. அவர் மொழியில் ஏற்கெனவே இருக்கிற வித்தை, வேறு மைதானத்தில் ஆட வேண்டும், அவ்வளவே. அதை ஒரு வரி அர்த்தமாகச் சுருக்கிக் கொடுத்தால் மைதானமே காணாமல் போய்விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 'மா ஹோ பாவ்'. சீனச் சதுரங்கத்தில் குதிரைக்குப் பின்னால் நிற்கும் பீரங்கி. பலகையில் அது பலமான நிலை, ராஜாவையே மடக்கிவிடலாம். பேச்சில் அப்படியே தலைகீழ், எல்லாம் முடிந்த பிறகு வந்து அப்போதே இப்படிச் செய்திருக்கலாமே என்று சொல்பவனுக்கு அந்தப் பெயர். அமெரிக்கர்கள் இதே ஆளைத்தான் 'மன்டே மார்னிங் குவார்ட்டர்பேக்' என்கிறார்கள். அங்கே அமெரிக்கக் கால்பந்து பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் எல்லாருமே பந்து வீசும் தலைமை ஆட்டக்காரர் ஆகிவிடுவார்கள். குவார்ட்டர்பேக் என்றால் யார் என்று ஜியேஜியேவுக்குச் சொல்லவே தேவைப்படவில்லை, மா ஹோ பாவ் என்றேன், மேசையைத் தட்டிச் சிரித்தார்.

'ரெயின் செக்' மட்டும் கொஞ்சம் இழுத்தது. அமெரிக்கக்காரத் தோழி ஒருத்தியை ஜியேஜியே சாப்பிடக் கூப்பிட்டதற்கு அவள் 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்றாளாம், இவர் மழை வருமா என்று பார்த்துச் சொல்கிறாள் என நினைத்துச் சாயங்காலம்வரை காத்திருக்கிறார். பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்க ஒரு சீட்டுத் தருவார்கள், அந்தச் சீட்டுதான் அது. இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் நிச்சயம் என்று அர்த்தம்.

கிரிக்கெட்டுக்கு மேசை போதாது. சனிக்கிழமை இருவரும் பாடாங் மைதானத்துக்குப் போனோம், 1852இல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப் அங்கேதான், ஓரத்தில் நின்றே ஆட்டம் பார்க்கலாம். பேட்டில் பட்டு ஓடிய ரன் ஆட்டக்காரர் கணக்கில், படாமல் ஓடியது உதிரிக் கணக்கில் என்று காட்டியதும் 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' புரிந்துவிட்டது, யாரும் சொல்லாமல் தானாகவே செய்தது. இங்கிலாந்திலேயே இப்போது பலர் அதை 'ஓன் பேக்' என்று எழுதுகிறார்கள், பேட் முதுகாகிவிட்டது. 'ஸ்டிக்கி விக்கெட்' சொல்ல மட்டும் கஷ்டப்பட்டேன், மழையில் நனைந்து வெயிலில் காயும் பிட்சில் பந்து எப்படி எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் இக்கட்டான நிலைமைக்கு அந்தப் பெயர். ஆனால் இப்போது தூறல் விழுந்தாலே பிட்சை மூடிவிடுகிறார்களே, எங்கே போய்க் காட்டுவது?

இன்னொன்று, 'ஓன் கோல்', கால்பந்தில் தன் வலைக்குள் தானே பந்தைப் போட்டுக்கொள்வது. அதன் ஓசையைக் கான்டனீஸ்காரர்கள் பிடித்து 'ஊலுங்' ஆக்கி, அது மாண்டரினுக்கும் போய் 'வூலுங்' ஆகி, ஊலாங் தேநீருக்கு எழுதுகிற அதே எழுத்தில் எழுதுகிறார்கள். இப்போது அங்கே எந்தக் குளறுபடிக்கும் வூலுங் என்கிறார்கள், ஆங்கிலத்தில் தனக்குத்தானே கேடு செய்துகொள்வதற்குத்தான். ஒரே பந்துதான், விழுகிற இடம் கொஞ்சம் தள்ளி. அதே மாதிரி ஆட்டத்தில் கத்துகிற 'ஜியாயோ'வை ஆங்கிலத்தில் 'ஆட் ஆயில்' என்றே சொல்லி, 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏற்றிவிட்டார்கள். எண்ணெய் ஊற்று என்று அர்த்தம். அதை ஜியேஜியேவிடம் சொன்னபோது, எங்கள் சொல்லுமா என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் புத்தகம் இதோ, மேசை ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாரும் வாங்காதீர்கள் என்று பெயர் சொல்ல மாட்டேன், சிக்ஸ் என்ற சொல்லை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்றைக்கு ஜியேஜியே எனக்குச் சீனச் சதுரங்கம் சொல்லித் தருகிறார், பலகை 12 வெள்ளி, பாதிப் பாதி போட்டு வாங்கினோம். இப்போதுதான் மெசேஜ் வந்தது, கல் மேசையில் காய்களை அடுக்கிவிட்டாராம். கீழே ஒரு வரி, 'யுவர் மூவ்'. போகிறேன் மக்களே, மின்தூக்கி வருகிறது.