பத்தியச் சோறும் பிள்ளையோட மனசும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரங்கூன்ல கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, ஃபேன் நின்னுபோச்சு, அதனால இழுக்காம சொல்லிடறேன்.

மனநோய்னா இருபது வயசுப் பையன் தனியா பேச ஆரம்பிச்ச பிறகுதான் நமக்கு ஞாபகம் வருது, மந்திரிக்கிறோம், வேண்டிக்கிறோம், கடைசியிலதான் டாக்டர். நான் சொல்ல வந்தது அதுக்கும் இருபது வருசம் முன்னாடி, தாயோட சாப்பாட்டுத் தட்டுல நடக்கறத. 1944-45 குளிர்காலத்துல ஹாலந்துல ஜெர்மன்காரன் சாப்பாடு வர்றத மறிச்சான், ஜனங்க டூலிப் பூக்கிழங்கு வரைக்கும் தின்னாங்க. அந்தப் பஞ்சம் உச்சத்துல இருந்தப்ப கருவான பிள்ளைங்களுக்கு, வளந்த பிறகு ஸ்கிட்ஸோஃப்ரினியாங்கற கடுமையான மனநோய் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வந்துச்சு. சீனாவுல 1959-61 பஞ்சத்துலயும் இதே கததான்.

நம்ம வீட்ல பஞ்சமே வேணாம், பத்தியம் போதும்! என் தங்கச்சி பிள்ளை பெத்தப்ப ஒரு மாசம் தட்டுல என்ன இருந்துச்சு தெரியுமா, தீட்டின வெள்ளைச் சோறு, மிளகு ரசம், ஒரு துண்டு சுட்ட கருவாடு. கீரை வாயு, பருப்பு மந்தம்னு எல்லாம் கட்டு, கஞ்சித்தண்ணி சாக்கடைக்கு. ரெண்டாம் மாசம் பிள்ளை வாயத் திறந்து அழுவுது, சத்தம் வரல. வயசான நர்சம்மா ஒருத்தங்க பாத்துட்டு பி-1 வைட்டமின் குறைச்சல்னு ஊசி போட்டாங்க, பொழுது சாயறதுக்குள்ள கத்த ஆரம்பிச்சுச்சு. தாய்க்கு இல்லாட்டி பாலுக்கு ஏதுங்க?

1905ல கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரில ஃப்ளெட்சர்னு ஒரு டாக்டர் ஒரு கூட்டத்துக்கு தீட்டின பச்சரிசி, இன்னொண்ணுக்கு நம்மாளுங்க திங்கிற புழுங்கலரிசி போட்டுப் பாத்தாரு, பி-1 குறைச்சலால வர்ற பெரிபெரி நோய் பிடிச்சது வெள்ளச்சோத்துக்காரங்களத்தான். நெல்ல அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள்ள இறங்குது, அவ்ளோதான் ரகசியம். 2003ல இஸ்ரேல்ல பி-1 இல்லாத பால்பவுடர் குடிச்ச குழந்தைங்க உடம்பு தேறியும் பேச்சுல பின்தங்கிடுச்சுங்க, அதனால இது மூளைக் கணக்கும்தான்.

அதுக்காக மீன் எண்ணெய் மாத்திரை வாங்கினா பைத்தியமே வராதுன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க, 2010ல வெளிவந்த வியன்னா ஆராய்ச்சில, மனநோய் வர வாய்ப்பு அதிகமா இருந்த 81 பேர்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு குடுத்து நல்லா வேலை செஞ்சுச்சு, அப்பறம் பெருசா செஞ்ச ஆராய்ச்சில அது நிக்கல. ஏற்கனவே மருந்து சாப்பிடறவங்க சாப்பாட்ட நம்பி நிறுத்திடாதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்.

சரி, பின்னால சாப்பாடு ரெடி. புழுங்கலரிசி, கஞ்சி வடிக்கல, பருப்பும் முருங்கக்கீரையும் இருக்கு. முழுகாம இருக்கறவங்களும் பிள்ளை பெத்தவங்களும் முதல் பந்திக்கு வாங்க, மாமியாருங்க ரெண்டாம் பந்தி!