கேமராவைத் தொடாத இயக்குநர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய படச்சுருளை வெட்டி ஒட்டுவது படைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன கேட்டார்? "அடுத்தவர் எடுத்த வீட்டுப் படச்சுருளை வெட்டி ஒட்டிப் படம் செய்யும் ஹங்கேரி இயக்குநர் பேட்டர் ஃபோர்காச் கேமராவைத் தொட்டாரா? பழைய பேப்பர்காரருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?" கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும்தான் சிரித்தேன்.

சரி, அந்தப் பேப்பர்காரர் எடைக்கு என்ன வாங்கினார், பார்ப்போமா? டான்யூப் நதியில் ஒரு கப்பல் கேப்டன், நாந்தோர் ஆந்த்ராஷோவிச். கப்பல் ஓட்டுவது தொழில், படம் பிடிப்பது பைத்தியம். 1939இல் டான்யூப் கரையிலுள்ள பிராட்டிஸ்லாவா நகரில் யூத அகதிகளை ஏற்றுகிறார். ஹிட்லருக்குப் பயந்து, கருங்கடல் வழியாகப் பாலஸ்தீனம் போகிறவர்கள். மேல்தளத்தில் பிரார்த்தனை நடக்கிறது. கேப்டன் படம் பிடிக்கிறார்.

முடிந்ததா? இனிமேல்தான் ஐயா கதையே! மறு வருஷம் ருமேனியாவிடம் இருந்த பெஸ்ஸராபியா என்ற பகுதியை சோவியத் எடுத்துக்கொள்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜெர்மானியர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்புகிறார்கள். எங்கே? ஹிட்லரின் நாட்டுக்கு! ஏற்றிப் போவது யார்? அதே கேப்டன்! இன்னொரு தடவை சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்கட்டும்: ஹிட்லரிடமிருந்து ஓடியவர்களும் அதே நதி, ஹிட்லரிடம் போனவர்களும் அதே நதி, நடுவில் அதே கேமரா!

கேப்டனுக்கு அவை இரண்டு சவாரி. இரண்டையும் சேர்த்து 1998இல் 'டான்யூப் எக்ஸோடஸ்' என்ற படம் ஆக்கியது யார்? உங்கள் பேப்பர்காரர்! 1983 முதல் புடாபெஸ்டில் வீட்டுப் படச்சுருள்களைச் சேர்த்துக் காப்பகம் நடத்தியவர்.

பழைய சுருளின் கீறலும் கறையும் அழகா என்றும் நண்பர் கேட்டார். இன்னொரு ஹங்கேரி இயக்குநர் காபோர் போடி, 1975இல் புதிதாக எடுத்த 'அமெரிக்கன் டோர்சோ'வையே சிதைந்த பழைய படம் போல ஆக்கினார். இதற்கு மேல் விளக்க நேரமில்லை. நடுவர் மணியைத் தொட்டுவிட்டார்.

தாய்மார்களே, கடைசியாக ஒன்று. ஃபோர்காச்சின் 'த மேல்ஸ்ட்ரோம்', 1997. நெதர்லாந்தில் மாக்ஸ் பேரெபோம் என்ற யூதர், வீட்டு விசேஷமெல்லாம் தானே படம் பிடித்தவர். 1942இல் வேலை முகாமுக்கு வரச்சொல்லி ஆணை வருகிறது. கிளம்பும் முன்பும் படம் எடுக்கிறார்கள். மேஜையைச் சுற்றிக் காபி குடிக்கிறார்கள். பெண்கள் பயணத்துக்குத் துணி தைக்கிறார்கள், குளிருமே என்று! போன இடம் ஆஷ்விட்ஸ், நாஜிகளின் கொலை முகாம். அவரும் திரும்பவில்லை, மனைவியும் திரும்பவில்லை, பிள்ளைகளும் திரும்பவில்லை.

நண்பரே, அந்தத் துணியைத் தைத்த அம்மாவிடம் போய்ச் சொல்வீர்களா, இது வெறும் ஒட்டு வேலை என்று? அடியுங்கள் நடுவர் அவர்களே, மணியை இப்போது அடியுங்கள். நன்றி, வணக்கம்.