கைக்கடிகாரம் சொல்லும் நாடிக் கணக்கு

நேயர்களுக்கு எனது வணக்கம். கொழும்பில் இயன்மருத்துவராக, இதயம் பலவீனமடைந்தவர்களை மீண்டும் நடக்கப் பழக்கும் பணியில் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஈடுபட்டு வருகிறேன். இதயச் செயலிழப்பு என்றவுடன் இதயம் நின்றுபோய்விட்டதாகப் பலர் அஞ்சுகிறார்கள். அது நிற்கவில்லை, உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் நடக்கும்போது அவருடைய நாடித்துடிப்பு எவ்வளவு ஏற வேண்டும் என்பதே இன்று நான் பேச வந்த விடயம்.

வெள்ளவத்தையில் வசிக்கும் ஓர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அப்போது அவருக்கு வயது 68. கனடாவில் இருக்கும் மகன் நாடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பியிருந்தார். 220இலிருந்து வயதைக் கழித்தால் 152, அதில் நூற்றுக்கு 85 பங்கு 129, ஆகவே அதுவே தமது இலக்கு என்று கணக்கிட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் மரைன் டிரைவில் நடந்து, வீடு திரும்பியதும் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் எண்ணைக் குறித்து வைத்தார். எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடி 94ஐத் தாண்டவில்லை. குற்றவாளி தாம் விழுங்கும், நாடித்துடிப்பைக் குறைக்கும் பைசோப்ரோலோல் என்னும் இதயக் குளிசைதான் என்று முடிவுகட்டி, எவரிடமும் கேட்காமல் அதை நிறுத்திவிட்டார். எண் ஏறியது. நான்கு நாட்கள் அவருக்கு மகிழ்ச்சியாகவே கழிந்தன. இரண்டாவது வாரத்தில் செருப்பின் வார் பூட்ட முடியாதபடி கால்கள் வீங்கின. மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால்தான் மூச்சுவிட முடிந்தது. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடியே அந்தக் கொப்பியை என்னிடம் நீட்டி, "தம்பி, கணக்கில் எங்கே பிழை?" என்று கேட்டார்.

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. அந்தச் சூத்திரம் அவருக்கானதே அல்ல. 1971இல் அமெரிக்காவில் ஃபாக்ஸும் ஹாஸ்கலும் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, ஏறத்தாழக் கண்ணளவில் இட்ட கோடு அது. நலமாக உள்ளவர்களிடையே கூட அது ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் மாறுபடும். அதைக் கடிகாரத்துக்குள் வைத்துக் கட்டளையாக மாற்றியவர்கள் மீது எனக்கு நீண்டகாலமாகவே கோபம் உண்டு.

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தொட்டி நிறைவது வாளியின் அளவையும் எத்தனை தடவை இறைக்கிறோம் என்பதையும் பொறுத்தது. ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் அனுப்பும் நலமான இதயம், கடும் உழைப்பின்போது வாளியையும் பெரிதாக்கி, வேகத்தையும் கூட்டி, 20 லீற்றர் வரை அனுப்பிவிடுகிறது. பலவீனமான இதயத்தின் வாளி பெரிதாகாது. ஆகவே விரைந்து இறைப்பது ஒன்றே அதற்குள்ள வழி. துயரம் என்னவென்றால், பலருக்கு அந்த வேகமும் கூடுவதில்லை. ஓய்வுநேரத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் இடையிலுள்ள தூரத்தில் நூற்றுக்கு 80 பங்கைக் கூட எட்டாவிட்டால், துடிப்பு போதிய அளவு ஏறவில்லை என்று கணிப்பது வழக்கம்.

ஏன் ஏறுவதில்லை? கடலோர ரயில் பாதைக்கு அருகே குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரயில் போன சத்தமே கேட்கவில்லை என்பார்கள். திணறும் இதயத்தை விரட்டுவதற்காக உடல் இரவு பகலாக நோரட்ரினலின் என்னும் ஊக்கப் பொருளைச் சுரந்துகொண்டே இருப்பதால், இதயத்தில் அதை வாங்கிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகள் நாளடைவில் மரத்துப் போகின்றன. நடக்கத் தொடங்கியதும் "விரைந்து துடி" என்று வரும் புதிய கட்டளை அவற்றுக்கு உறைப்பதில்லை. குளிசை தொடங்குவதற்கு முன்பே இது நிகழ்ந்துவிடுகிறது என்பதைத்தான் ஆசிரியருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கும் மீண்டும் ஒருமுறை சொல்கிறேன்.

குளிசையும் துடிப்பைக் குறைக்கிறது என்பது உண்மையே. பைசோப்ரோலோல் போன்ற பீட்டா தடுப்பி, அதாவது அந்த ஏற்பிகளை மறிக்கும் மருந்து, பலவீனமான இதயத்துக்கு ஆகவே ஆகாது என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவ உலகமே கருதியது. 1975இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் வாக்ஸ்டீனும் அவரது சகாக்களும் அதைத் துணிந்து கொடுத்துப் பார்த்தார்கள். உலகம் ஒப்புக்கொள்ள மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 1999இல் வெளிவந்த இரு பெரிய ஆய்வுகளில், ஒன்றில் பைசோப்ரோலோலும் மற்றதில் அதே வகையைச் சேர்ந்த மெட்டோப்ரோலோலும் மரணங்களை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தன. ஓயாமல் விரட்டப்பட்ட இதயத்துக்கு அக்குளிசை சற்று மூச்சுவிட இடமளிக்கிறது. அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? மூச்சை வைத்துத்தான். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் அந்த வேகம் பொருத்தமானது. வாக்கியம் இடையில் முறிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆசிரியர் இப்போது பதினாறாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லியபடி நடக்கிறார். எட்டுப் பதினாறு நூற்றிருபத்தெட்டு என்னும் இடத்தில் மூச்சு வாங்கினால் நின்றுவிடுகிறார். மரைன் டிரைவில் எதிரே வருபவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பது உண்மைதான், அவர் பொருட்படுத்துவதில்லை. நாடி ஏறாவிட்டாலும் நடையால் பயனுண்டு, ஏனெனில் பயிற்சியின் பலனில் பெரும் பகுதியைப் பெறுபவை கால் தசைகளே. 2009இல் வெளியான, 2331 நோயாளர் பங்குபற்றிய ஆய்வு ஒன்றும் வைத்தியக் கண்காணிப்புடன் தொடங்கும் பயிற்சி இவர்களுக்குப் பாதுகாப்பானது என்றே காட்டியது.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கையைக் காட்டிவிட்டார். இரண்டு செய்திகளைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். நடையின் வேகத்தைக் குறைத்த முதல் ஒரு நிமிடத்தில் நாடி எவ்வளவு இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 துடிப்புகளோ அதற்கும் குறைவாகவோ இறங்கினால், அடுத்த கிளினிக்கில் அதை வைத்தியரிடம் கூறுங்கள். நாடி ஒழுங்கற்றுத் துடிப்பவர்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களின் துடிப்பு எவ்வாறு ஏறுகிறது என்பதையும் சொல்ல நினைத்திருந்தேன். அதற்கு நேரம் இடம்தரவில்லை. வணக்கம்.