டெண்டர் பெட்டி போயிருச்சு, ரெஜிஸ்டர் மட்டும் இருக்கு | மலைப் பள்ளிக்கு டெஸ்க் பெஞ்ச்

எல்லாருக்கும் வணக்கங்க. இன்னைக்கு பட்டறையில இருந்தே பேசறேன். சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் நம்ம இடம், பழைய வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும். வெல்டிங் முடிச்சு பசங்க கிளம்பிட்டாங்க, அதனால பின்னாடி சத்தம் வராது.

இந்தாங்க, கையில ஒரு தாள். நம்பரை மட்டும் விரலால மறைச்சுக்கிறேன். ஆன்லைன்ல டெண்டர் போட்டதுக்கு வந்த ஒப்புகைச் சீட்டு இது. மத்தியானம் 3 மணிக்கு டெண்டர் முடியுது, எங்களுது 2:41க்கு ஏறுச்சு. ஏற்காடு மலையில சில அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு டெஸ்க் பெஞ்ச் செஞ்சு குடுக்கற வேலை. எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன். ஒருத்தரைக் காட்டிக் குடுக்க இந்த வீடியோ போடல. முறையில ஒரு ஓட்டை இருக்கு, அதைச் சொல்லணும்.

முதல்ல அப்பா காலத்துக் கதை. அப்பெல்லாம் டெண்டர் ஃபார்ம் வாங்கறதே ஒரு போராட்டம். போனா தீந்துபோச்சும்பாங்க. எப்படியோ வாங்கி, ரேட்டு எழுதி, கவர்ல அரக்கு வெச்சு எடுத்துட்டுப் போனா, கவரைப் போடற பெட்டிக்குப் பக்கத்துல நாலு பேர் நிப்பாங்க. அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. "அண்ணே, வாங்க, ஒரு டீ சாப்பிட்டு வரலாம்"னு தோள்ல கை போடுவாங்க. அந்த டீ முடியறதுக்குள்ள நேரம் தாண்டிரும். அப்பா ரெண்டு தடவை கவரை மடியில வெச்சுக்கிட்டே பஸ்ஸுல திரும்பி வந்திருக்காரு. அதுல ஒண்ணு இன்னும் எங்க வீட்டு பீரோவுல இருக்கு, அரக்குகூட உடையல.

டெண்டர்ல ஒளிவுமறைவு இருக்கக் கூடாதுன்னு தமிழ்நாடு 1998லயே சட்டம் போட்டாச்சுங்க. 2000ல விதிகளும் வந்துச்சு. 2 கோடி ரூபாய் வரைக்கும் உள்ள டெண்டருக்குக் குறைஞ்சது 15 நாள் அவகாசம், அதுக்கு மேல போனா 30 நாள். டெண்டர் முடிவுல குறை இருந்தா மேல்முறையீடும் உண்டு. எல்லாம் சரி, ஆனா அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல நின்ன நாலு பேரை எந்தச் சட்டமும் நகர்த்தல. அவங்களை நகர்த்துனது கம்ப்யூட்டர்தான். அதை நான் மனசாரச் சொல்றேன்.

எப்படின்னு பாருங்க. இந்த யூ.எஸ்.பி மாதிரி இருக்கறதுதான் டி.எஸ்.சி, டிஜிட்டல் கையெழுத்து. இதைச் சொருகினாத்தான் தமிழ்நாடு அரசோட டெண்டர் தளத்துல உள்ள போக முடியும். தகுதிச் சான்றெல்லாம் போடற டெக்னிக்கல் கவர் தனி, விலை கவர் தனி. விலைக்கு ஒரு எக்ஸெல் ஷீட் குடுப்பாங்க, பி.ஓ.க்யூன்னு பேரு, பொருளும் அளவும் வரிசையாப் போட்ட பட்டியல். கலர் அடிச்ச கட்டத்துல மட்டும் ரேட்டு போடணும். ஃபைல் பேரை மாத்தக் கூடாது, மாத்துனா ஏத்த விடாது. எல்லாம் ஏத்தி முடிச்சதும் கடைசியா ஃப்ரீஸ்னு ஒரு பட்டன் வரும். புதுசா போடறவங்க தயவுசெஞ்சு இதைக் கேட்டுக்கோங்க: அதை அமுக்கலைன்னா நீங்க ஏத்துனது எதுவும் கணக்குல வராது. மொத தடவை நான் அமுக்காம விட்டு, மூணு நாள் வேலை வீணாப்போச்சு. அப்பா ஒரு வார்த்தை சொல்லல, எனக்குத்தான் தூக்கம் வரல.

அமுக்கிட்டோம்னா நம்ம ரேட்டு பூட்டின மாதிரிதான். திறக்கற நாள், நேரம் வந்தப்புறம், அதுக்குன்னு நியமிச்ச அதிகாரிங்க அவங்கவங்க டி.எஸ்.சி போட்டாத்தான் திறக்கும். அதுவும் ஒருத்தரால முடியாது. அதுவரைக்கும் யார் போட்டாங்க, எவ்வளவு போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. திறந்ததும் எல்லாரோட ரேட்டும் வரிசையா வரும், வீட்டுல உக்காந்தே பார்க்கலாம்.

ரகசிய டெண்டரோட அருமை சேலத்துக்காரங்களுக்குத் தனியா சொல்ல வேண்டியதில்ல. 1981ல ஆரம்பிச்ச சேகோசர்வ்ங்கிற ஜவ்வரிசி ஆலைக்காரங்க கூட்டுறவுல மூட்டை ரகசிய டெண்டர்லதானே விலை போயிருக்கு. மத்தவன் என்ன எழுதுவான்னு தெரியாதப்பதான் மனுஷன் உண்மையான விலையை எழுதுவான்.

சரி, ஓட்டை எங்கன்னு சொல்றேன்.

இந்த டெண்டர் நிபந்தனையில ஒரு வரி. "தளத்தை நேரில் பார்வையிட்டதற்கான சான்று இணைக்கப்பட வேண்டும்." தளம்னா இங்க பள்ளிக்கூடம் இருக்கற இடம். கேட்டா நியாயமாத்தான் தெரியும். மலைக் கிராமம், லாரி போகுமா, கடைசி ஒரு கிலோமீட்டர் தலைச்சுமையா, பார்த்துட்டு ரேட்டு போடுன்னு சொல்றாங்க. நானும் பார்க்கத்தான் போனேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போனா, சான்றுல கையெழுத்துப் போடறவர் கீழ மீட்டிங்ல. ரெண்டாவது தடவை போனப்ப லீவு. 15 நாள் அவகாசத்துல ஆறு நாள் இப்படியே போச்சு. மூணாவது தடவை ஆள் இருந்தாரு, மரியாதையாத்தான் பேசுனாரு. ஒரு ரெஜிஸ்டரைத் திருப்பி வெச்சு, பேர், பட்டறை பேர், போன் நம்பர், கையெழுத்துன்னாரு. போட்டேன்.

அன்னைக்கு ராத்திரி எட்டரைக்கு அப்பாவுக்கு ஒரு போன். தெரியாத நம்பர். "அண்ணே, பாப்பா மலைக்கு வந்துட்டுப் போச்சாமே. இந்த ஒரு வேலையை மட்டும் விட்டுருங்க, அடுத்ததுல பார்த்துக்கலாம்." குரல்ல மிரட்டல் எதுவும் இல்ல. அதே டீக்கடைக் குரல்தான்னு அப்பா சொன்னாரு.

புரியுதுங்களா? ரேட்டைக் கம்ப்யூட்டர் பூட்டி வெச்சிருக்கு. ஆனா யார் யார் போட்டிக்கு வர்றாங்கன்னு அந்த ரெஜிஸ்டர் ஒவ்வொண்ணா சொல்லிருச்சு. ஆள் தெரிஞ்சாப் போதும், மிச்சத்தைப் போன்லயே பேசி முடிச்சுக்கலாம். சாம்பிளை முன்கூட்டியே நேர்ல கொண்டுவந்து குடு, ஒரிஜினல் டி.டியை முடியற நாளுக்கு முன்னாடி நேர்ல குடுன்னு கேக்கறதும் இதே மாதிரிதான். ஆன்லைன் டெண்டர்ல நேர்ல வரச் சொல்ற ஒவ்வொரு வரியும் பழைய பெட்டிதாங்க.

இதுக்காக ஆன்லைனே வீண்னு யாரும் கமெண்ட் போடாதீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். இந்தியாவுலயும் இந்தோனேசியாவுலயும் பொதுப்பணி டெண்டர் ஆன்லைனுக்கு மாறினப்ப என்ன ஆச்சுன்னு ஒரு ஆராய்ச்சி 2016ல வந்துச்சு. விலை குறைஞ்சதா ஆதாரம் கிடைக்கல. ஆனா நம்ம நாட்டுல ரோட்டோட தரம் கூடியிருந்துச்சு, அங்க வேலை தாமதமாறது குறைஞ்சிருந்துச்சு. முக்கியமா, வெளியூர்க்காரங்க ஜெயிக்கறது கூடியிருந்துச்சு. பெட்டிக்குப் பக்கத்துல ஆள் நிக்கலைன்னா வெளியூர்க்காரனும் வருவான்ல.

இன்னும் செய்யலாம். தென் கொரியாவுல 2006ல இருந்து ஒரு ஏற்பாடு இருக்கு. எத்தனை பேர் போட்டி போட்டாங்க, ஜெயிச்ச ரேட்டு மதிப்பீட்டுக்கு எவ்வளவு பக்கத்துல வந்துச்சுன்னு ஆன்லைன் டெண்டர் தகவலையெல்லாம் அலசி, கூடிப் பேசி வெச்ச மாதிரி தெரியற டெண்டரைத் தனியாக் காட்டும். நம்மகிட்டயும் அந்தத் தகவல் எல்லாம் கம்ப்யூட்டர்லதான் ஏறுது.

நான் என்ன செஞ்சேன்னா, அந்த வரியை எடுக்கச் சொல்லி டெண்டர் விட்ட அதிகாரிக்கு மெயில் போட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போற வழியையும் இறக்கற இடத்தையும் படம் புடிச்சு டெண்டர் வெப்சைட்டுலயே ஏத்துங்க, நேர்ல பார்க்கணும்னு நினைக்கறவங்க தானாப் போய்ப் பார்த்துக்கட்டும், யார்கிட்டயும் கையெழுத்து வேண்டாம்னு எழுதுனேன். பதில் வரல. நீங்களும் இப்படி வரியைப் பார்த்தா முடியற தேதிக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க. முடிஞ்சப்புறம் கேட்டா தோத்தவன் புலம்பறான்னு சொல்லிருவாங்க.

பில் பணம் வர்ற கதையை இன்னொரு வீடியோவுல பேசறேன். சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006லயே சட்டம் இருக்கு, அதுக்குத் தனியா நேரம் வேணும்.

போன் வந்த அன்னைக்கு அப்பா ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் எந்திரிச்சு வந்து, ஒரு பெஞ்சுக்கு எத்தனை அடி ஸ்கொயர் பைப்பு போட்டிருக்கேன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் உக்காந்து ரேட்டை மறுபடி போட்டோம். மலைக்கு ஏத்தற கூலியை நான் கம்மியா வெச்சிருந்தேன், அவர் திருத்துனாரு.

நாளைக்கு நாலு மணிக்கு டெக்னிக்கல் கவர் மட்டும் திறப்பாங்க. விலை அப்புறம்தான். ஆனா எத்தனை பேர் போட்டிருக்காங்கன்னு நாளைக்கே தெரிஞ்சுரும். நான் கையெழுத்துப் போட்டப்ப அந்த ரெஜிஸ்டர்ல என்னோட சேர்த்து ஏழு பேர் இருந்தாங்க.